‘ஏன் உடனே சொல்லவில்லை?’: பாலியல் வன்முறைக்குப் பின் ஒரு பெண்ணின் மனதில் நடப்பது என்ன?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளம்பெண்கள் ஏறுவார்கள். ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பிரிந்து போவார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு திரும்புவார்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து, ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் பிள்ளைகள் இவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கக்கூடியது. நம் குடும்பத்துப் பெண்களும் இவர்களில் இருக்கிறார்கள்.

ஊரில் இருக்கும் அத்தாவும் அம்மாவும் தினமும் போனில் கேட்கிறார்கள்: “சாப்பிட்டியாம்மா? தூங்கினியா? பத்திரமா இரு.” பத்திரமாக இரு என்று நாம் சொல்கிறோம். ‘ஏதாவது நடந்துவிட்டால் முதலில் எங்களிடம் வந்து சொல், நாங்கள் உன்னைத் திட்ட மாட்டோம்’ என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு பெண் பல நாள் பேசாமல் இருந்தால், நம்மிடமிருந்து வரும் முதல் கேள்வி ‘ஏன் உடனே சொல்லவில்லை?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு மனநல மருத்துவத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பொள்ளாச்சியில் நடந்தது

2019 பிப்ரவரியில் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். நட்பாகப் பேசிப் பழகி, பெண்களை வரவழைத்து, வன்முறை செய்து, அதை வீடியோ எடுத்து, அந்த வீடியோவைக் காட்டியே மிரட்டினார்கள். இது ஒரு நாளில் நடந்ததில்லை. பல ஆண்டுகளாக, ஒரு பெண்ணுக்குப் பின் இன்னொரு பெண் என்று நடந்தது.

இத்தனை காலம் இது எப்படி வெளியே வராமல் இருந்தது? மிரட்டியவர்களின் பலம் அந்த வீடியோ மட்டுமா? ‘இது உன் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்விதான் அவர்களின் உண்மையான பலம். அந்தப் பெண்களின் வீட்டார் மகளைத்தான் குற்றம் சொல்வார்கள் என்று குற்றவாளிகள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பல முறை பலித்தது.

பிப்ரவரி 12இல் பாதிக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவி தன் வீட்டில் சொன்னார். வீட்டார் அவர் பக்கம் நின்றார்கள். பிப்ரவரி 24இல் போலீசில் புகார் பதிவானது. அந்த ஒரு குடும்பம் மகளை நம்பியதால்தான் மற்ற வீடியோக்களும் வெளியே வந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கும் பின்னர் சி.பி.ஐ.க்கும் போனது. 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை.

புகார் வர ஆன அந்தப் பன்னிரண்டு நாட்களை வைத்தும் அன்று சந்தேகம் கிளப்பியவர்கள் உண்டு. ஆனால் பன்னிரண்டு நாள் என்பது தாமதமே இல்லை. பல பெண்கள் ஆயுள் முழுதும் சொல்வதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

‘கத்தியிருக்கலாமே?’

பெரும் ஆபத்து வரும்போது மனிதன் ஓடுவான் அல்லது எதிர்ப்பான் என்று நாம் நினைக்கிறோம். மூன்றாவது ஒன்றும் உண்டு. உடல் உறைந்துவிடும். கை கால் அசையாது, குரல் எழும்பாது, என்ன நடக்கிறது என்று தெரிந்தும் எதுவும் செய்ய முடியாது. பூனையின் வாயில் சிக்கிய எலி அசையாமல் கிடப்பதைப் பார்த்திருப்போம். அதுபோன்ற ஒரு நிலை இது. மூளை தானாகவே செய்வது. அவளைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பாலியல் வன்முறைக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் உடல் கணிசமாக உறைந்துபோனதாகச் சொன்னார்கள். அப்படி உறைந்துபோனவர்களுக்கே பின்னாளில் மனப்பாதிப்பும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. ‘நான் ஏன் தடுக்கவில்லை?’ என்ற குற்ற உணர்வு அவர்களைத் தின்கிறது. அதே கேள்வியை நாமும் கேட்டால் அந்தக் காயத்தில் உப்பைத் தேய்க்கிறோம்.

‘அழக்கூட இல்லையே, சும்மா உட்கார்ந்திருக்கிறாளே?’ என்பது அடுத்த சந்தேகம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த 92 பெண்களை ஆராய்ந்து, மனநலச் செவிலியர் ஆன் பர்ஜெஸ்ஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரோமும் 1974இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அழுதார்கள், நடுங்கினார்கள். மீதிப்பேர் அமைதியாக, எதுவுமே நடக்காதது போல இருந்தார்கள். அந்த அமைதியும் அதிர்ச்சியின் ஒரு வடிவம்தான். அழுதால்தான் உண்மை என்பது நாமாக வைத்துக்கொண்ட அளவுகோல்.

‘நேற்று ஒன்று சொன்னாள், இன்று ஒன்று சொல்கிறாள்’

சாதாரண நாளின் நினைவு வரிசையாகப் பதியும். காலையில் இது, மதியம் அது என்று சொல்லிவிடலாம். உயிர் பயத்தில் இருக்கும்போது மூளை வேறு விதமாக வேலை செய்கிறது. பயத்தைக் கையாளும் பகுதி உச்சத்தில் இருக்கும். நிகழ்ச்சிகளைக் கோத்து வரிசைப்படுத்தும் பகுதியின் வேலை தடுமாறும். அதனால் சில துண்டுகள் கல்லில் வெட்டியதுபோல் பதிகின்றன. ஒரு வாசனை, ஒரு சட்டையின் நிறம், கதவு தாழ்ப்பாள் போடும் சத்தம். ஆனால் எத்தனை மணி, எது முதலில் நடந்தது என்பது மங்கிப்போகும். சில விவரங்கள் நாட்கள் கழித்து வரும். இதைப் பொய்யின் அடையாளமாக எடுத்துக்கொண்டு குடும்பத்தாரே குறுக்கு விசாரணை நடத்தக் கூடாது.

நாட்கள் போகப் போக

ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். மூன்று மாதமாக ஹாஸ்டலில் இருந்து வேலைக்குப் போனவள் திடீரென்று ஊருக்கு வந்துவிட்டாள். வேலை பிடிக்கவில்லை என்கிறாள். இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. பகலில் தலைவலி, வயிற்றுவலி என்று படுத்திருக்கிறாள். எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். தம்பி பின்னால் வந்து தோளைத் தொட்டால் அலறுகிறாள். ஒரு நாளைக்கு நான்கு முறை குளிக்கிறாள். தொழுகைக்கு அழைத்தால் ‘எனக்கு மனசு வரவில்லை’ என்கிறாள். ‘பேய் பிடித்திருக்கிறது’, ‘திமிர்’, ‘காதல் தோல்வி’ என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பாலியல் வன்முறைக்குப் பின் வரும் மனப்பாதிப்பில் இவை எல்லாமே பொதுவானவை. மருத்துவர்கள் இதை நான்கு வகையாகப் பார்க்கிறார்கள்.

முதலாவது, நடந்தது திரும்பத் திரும்ப வருவது. கெட்ட கனவாகவும் வரும், விழித்திருக்கும்போதே கண்முன் நடப்பது போலவும் வரும். குற்றம் செய்தவன் பூசியிருந்த அத்தர் வாசனை, மெஷின் ஆயில் வாசனை, பஸ் வழக்கமான பாதையை விட்டுத் திரும்புவது, இப்படி ஏதோ ஒன்று போதும்.

இரண்டாவது, விலகி ஓடுவது. அந்த இடம், அந்த ஷிப்ட், அந்தப் பேச்சு, சில சமயம் சொந்த போன்கூட வேண்டாம் என்று ஆகும்.

மூன்றாவது, எப்போதும் காவல் நிலையிலேயே இருப்பது. தூக்கம் வராது, சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நான்காவது, மனமும் எண்ணமும் மாறிப்போவது. ‘நான் அசுத்தமாகிவிட்டேன்’, ‘தவறு என்னுடையது’, ‘இனி யாரையும் நம்ப முடியாது’ என்ற எண்ணங்கள். எதிலும் மகிழ்ச்சி இருக்காது. சிலருக்கு மரத்துப்போனது போல இருக்கும்.

இவற்றோடு மனச்சோர்வும் சேரும். தற்கொலை எண்ணம் வரலாம். ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்ற வகையில் ஒரு வார்த்தை வந்தால் அதைச் சும்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

சிறு பிள்ளைகள் இதை வார்த்தையில் சொல்ல மாட்டார்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கும். ஒருவரைக் கண்டால் மட்டும் ஒளிந்துகொள்வார்கள். பள்ளிக்கோ டியூஷனுக்கோ போக மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் திடீரென்று ‘அங்கே அனுப்பாதீங்க’ என்று அழுதால், படிப்புக்குச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடாமல் காரணம் கேட்க வேண்டும். போக்சோ சட்டம் ஆண், பெண் இரு பிள்ளைகளையும் பாதுகாக்கிறது.

இரண்டாவது காயம்

முதல் காயத்தைக் குற்றவாளி தருகிறான். இரண்டாவது காயத்தைச் சுற்றியிருப்பவர்கள் தருகிறார்கள். முதன்முதலில் சொன்னபோது சந்தேகமும் பழியும் கிடைத்தால், பலர் மறுபடி வாயே திறப்பதில்லை. சிகிச்சைக்கும் போவதில்லை.

வீட்டில் வரும் வார்த்தைகள் நமக்குத் தெரியும். ‘அப்பவே சொன்னேன், வேலைக்கு அனுப்பாதேன்னு.’ ‘அந்த நேரத்துல உனக்கு அங்க என்ன வேலை?’ ‘பர்தா போட்டிருந்தியா இல்லையா?’ நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. உடையும் நேரமும் இதை விளக்காது.

அடுத்தது, அவசரக் கல்யாணம். விஷயம் பரவுவதற்குள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று பெற்றோர் துடிப்பது மகள் மீதுள்ள பாசத்தால்தான். ஆனால் தொடுதலே பயமாகிப்போன ஒரு பெண்ணை, சிகிச்சை இல்லாமல், அறிமுகமில்லாத ஒரு அறைக்குள் அனுப்புகிறோம். அன்றிரவே பழைய காட்சி திரும்புகிறது. காரணம் தெரியாத கணவன் வெறுப்பு என்று நினைக்கிறான். இரண்டு வாழ்க்கை சேர்ந்து முறிகிறது. குற்றம் செய்தவனுக்கே கட்டி வைத்துவிடலாம் என்ற பேச்சு இதைவிடக் கொடியது. பாலியல் வன்கொடுமை சமரசத்துக்கு இடமில்லாத குற்றம். இத்தகைய வழக்குகளில் திருமணத்தையோ சமரசத்தையோ நீதிமன்றங்கள் பரிந்துரைக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றமே செய்யக் கூடாததை ஒரு ஜமாஅத் செய்யலாமா?

மூன்றாவது, பெயர். பொள்ளாச்சி மாணவியின் பெயர் காவல்துறை அதிகாரி ஒருவரின் பேட்டியிலும் அரசாணையிலும் வெளியானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கையும் வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கும் 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ‘யார் வீட்டுப் பொண்ணு?’ என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மார்க்கம் யார் பக்கம் நிற்கிறது?

‘நான் பாவியாகிவிட்டேனா?’ என்ற கேள்வி நம் பெண்களின் உள்ளத்தில் இருக்கும். வெளியே கேட்க மாட்டார்கள். நாமாகவே பதில் சொல்லிவிட வேண்டும். நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களைப் பற்றி அந்நூர் அத்தியாயத்தின் 33ஆவது வசனம் இறைவனின் மன்னிப்பையும் கருணையையும்தான் பேசுகிறது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்குப் புறப்பட்ட ஒரு பெண் வழியில் வன்முறைக்கு உள்ளான செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. அந்தப் பெண் மீது நபி (ஸல்) அவர்கள் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. ‘நீ ஏன் வெளியே வந்தாய்?’ என்றும் அந்தச் செய்தியில் யாரும் கேட்கவில்லை. நான்கு சாட்சி பற்றிய வசனத்தை எடுத்து பாதிக்கப்பட்டவளின் வாயை அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வசனம் பெண்கள் மீது அவதூறு சொல்லித் திரியும் நாக்குகளைக் கட்டுவதற்காக வந்தது.

அவள் சொல்லும் அந்த நேரத்தில்

நம்மிடம் ஒருவர் சொல்ல வந்தால் முதலில் கேட்க வேண்டும். இடையில் குறுக்கிடாமல், விவரம் தோண்டாமல், அவளாகச் சொல்லும் அளவு மட்டும் கேட்க வேண்டும். பிறகு நான்கு வாக்கியம் போதும்: ‘நீ சொன்னது நல்லதும்மா. நான் உன்னை நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. இனி என்ன செய்யணும்னு சேர்ந்து யோசிப்போம்.’ அத்தா கோபத்தில் அரிவாளைத் தூக்கினால் மகளுக்கு இன்னொரு பயம்தான் சேரும். நடந்ததை உடனே முழுதாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவது நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அடுத்தது மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடுப்பு மாத்திரை ஐந்து நாள் வரை பயன் தரும், சீக்கிரம் போட்டால் நல்லது. முடிந்தால் குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போவது சாட்சியத்துக்கு உதவும். குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் தடை செய்திருக்கிறது. அப்படிச் செய்ய வந்தால் மறுக்கலாம்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ஊர் திருநெல்வேலியில், சம்பவம் ஒரகடத்தில் என்றாலும் திருநெல்வேலியிலேயே பதிவு செய்து இங்கே அனுப்புவார்கள். பாதிக்கப்பட்டவர் வயது வந்த பெண் என்றால் எப்போது, எப்படிப் புகார் கொடுப்பது என்பதில் அவள் விருப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை அவளுடைய விருப்பம் மிதிக்கப்பட்டிருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால், தெரிந்தவர்கள் போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

வேலை இடத்துத் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் பெண்களும் புகார் கொடுக்கலாம். கம்பெனி ஏற்பாடு செய்யும் பஸ்ஸும் சட்டப்படி பணியிடம்தான். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மகள் வேலைக்குச் சேரும் நாளிலேயே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

போனில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, அவசரத்துக்கு 112.

குணமாகுமா?

குணமாகும். வன்கொடுமைக்கு உள்ளான பெண்களை வாராவாரம் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 1992இல் வெளியானது. சம்பவம் நடந்து இரண்டு வாரத்துக்குள் 94 சதவீதம் பேருக்கு மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதம் கழித்து அது 47 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, ஆரம்ப நாட்களில் தடுமாறுவது இயல்பு. மூன்று மாதம் ஆகியும் பாதிப்பேருக்கு அது நீடிக்கிறது, அவர்களுக்கு முறையான சிகிச்சை தேவை. பயிற்சி பெற்ற உளவியலாளர், பாதுகாப்பான சூழலில், கொஞ்சம் கொஞ்சமாக அந்த நினைவை எதிர்கொள்ளவும் ‘தவறு என்னுடையது’ என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ளவும் உதவுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். படப்பைப் பக்கம் இருப்பவர்களுக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஓதிப் பார்ப்பதும் துஆ செய்வதும் மனதுக்கு ஆறுதல். அதோடு சிகிச்சையும் சேர வேண்டும்.

இன்றிரவு மகளிடம் போனில் பேசும்போது ‘பத்திரமா இரு’ என்று சொல்லிவிட்டு, இன்னொரு வரியும் சேர்த்துச் சொல்வோம்: ‘எது நடந்தாலும் எங்ககிட்ட சொல்லும்மா. நாங்க உன் பக்கம்தான்.’ மகனிடமும் அதே வரியைச் சொல்வோம். மிரட்டுகிறவன் போட்டு வைத்திருக்கும் கணக்கு அந்த ஒரு வரியில் தப்பாகிவிடும். நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.